தள்ளுபடி இருக்கட்டும், 90 நாள் விதியைப் பாருங்கள்

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஐதராபாத்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார். நான் திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் ஒரு கார் இருக்கிறது. அதை ஓட்டுவது அவர், அதுவும் லீவில் வரும்போது மட்டும். அதற்கு இன்சூரன்ஸ் கட்டுவது, புதுப்பிப்பது, ஏஜெண்டிடம் சண்டை போடுவது எல்லாம் இப்போது என் வேலை.

"மிலிட்டரிக்காரங்களுக்கு இன்சூரன்ஸ் கம்மிலா, உங்களுக்கு என்னம்மா கவலை?" என்று கேட்காத ஆளே இல்லை. கேண்டீனில் மிக்ஸி மலிவு, சோப்பு மலிவு, காரே மலிவு. அப்புறம் இன்சூரன்ஸ் மட்டும் எப்படி மலிவாக இல்லாமல் போகும் என்று நினைக்கிறார்கள். சில கம்பெனிகளின் ஆட்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். "டிஃபென்ஸ் ஸ்பெஷல் தள்ளுபடி இருக்கு மேடம்" என்றுதான் போன் பேச்சே தொடங்கும். உண்மையிலேயே மிச்சமாகிறதா என்று பில்லைப் பிரித்துப் பார்த்தேன். பார்த்ததில் தெரிந்ததையும், அதைவிட முக்கியமாக, பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸைப் பறிக்கும் விதியைப் பற்றியும், அதற்கு நீங்கள் என்ன செய்யலாம் என்பதையும் இந்த மடலில் வைக்கிறேன்.

கார் பாலிசியில் இரண்டு பெரிய பகுதிகள். ஒன்று தேர்ட் பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் சாவு, காயம், சேதத்துக்கானது. சட்டப்படி கட்டாயம். இதன் கட்டணத்தைக் கம்பெனிகள் முடிவு செய்வதில்லை. உங்களைக் கலந்துகொண்டு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1000 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. அதே பட்டியலில் சலுகைகளும் உண்டு. பள்ளிக்கூடப் பேருந்துக்கு 15 விழுக்காடு. மின்சார வண்டிக்கு 15. ஹைபிரிட் வண்டிக்கு 7.5. பழம்பெருமை கொண்ட விண்டேஜ் காராக இருந்தால் பாதிக் கட்டணம். படைவீரர் என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

இதில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. சிப்பாயின் கார் மோதினாலும் வாத்தியாரின் கார் மோதினாலும் அடிபட்டவருக்கு வலி ஒன்றுதான், கொடுக்க வேண்டிய நஷ்ட ஈடும் ஒன்றுதான். அந்தப் பகுதியில் எங்களுக்குத் தள்ளுபடி கேட்பது நியாயமாக இருக்காது. ஆனால் பாலிசியில் ஒரு நல்ல பங்கு எவராலும் குறைக்க முடியாத பகுதி என்பது தள்ளுபடி பேசும் எந்த விளம்பரத்திலும் வருவதில்லையே, ஏன்?

மற்றது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கானது. ஓன் டேமேஜ், சுருக்கமாக ஓடி (OD) என்பார்கள். 2007 ஜனவரியில் இருந்து இதன் விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. 'டிஃபென்ஸ்' தள்ளுபடி வந்தால் இந்தப் பகுதியில்தான் வரும். அது எவ்வளவு தேறும்? ஒரு உதாரணக் கணக்குப் போடுகிறேன்.

1200 சிசி கார். கம்பெனி சொல்லும் ஓடி பிரீமியம் 6,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கிளைம் எதுவும் இல்லாததால் நோ கிளைம் போனஸ் 35 விழுக்காடு, அதாவது 2,240 ரூபாய் கழியும். மீதி 4,160. தேர்ட் பார்ட்டி 3,416. கூட்டினால் 7,576. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. மொத்தம் சுமார் 8,940 ரூபாய்.

இப்போது ராணுவத்தாருக்கு என்று 5 விழுக்காடு தருகிறார்கள் என்று வையுங்கள். 4,160ல் 5 விழுக்காடு 208 ரூபாய். வரியையும் சேர்த்தால் 245 ரூபாய் மிச்சம். 8,940 ரூபாயில் 245 என்பது 3 விழுக்காடு கூட வராது. போனில் '5' என்று சொன்னது பில்லில் இப்படித்தான் இறங்குகிறது. வேறு எந்தச் சலுகைக்கும் போகாமல், கிளைம் வந்தால் முதல் 2,500 ரூபாயைக் கூடுதலாக நாமே ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக்கொடுத்தால், 2002ல் வந்த பழைய மோட்டார் கட்டணப் புத்தகப்படி ஓடியில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 750 ரூபாய் வரை குறையும். அது பால்காரருக்கும் உண்டு, பேங்க் மேனேஜருக்கும் உண்டு. அதே புத்தகத்தில் ஆட்டோமொபைல் சங்க உறுப்பினருக்கு 5 விழுக்காடு, 200 ரூபாய் வரை கழிவு. திருட்டுத் தடுப்புக் கருவிக்கு 2.5 விழுக்காடு, 500 ரூபாய் வரை.

இன்னொன்று. தள்ளுபடி எந்தத் தொகையில் இருந்து தள்ளப்படுகிறது என்பதை யார் சொல்கிறார்கள்? ஒரு கம்பெனி 7,500 என்று சொல்லி ராணுவத்தாருக்கு 10 விழுக்காடு கழிக்கிறது. பக்கத்துக் கம்பெனி எந்தப் பெயரும் சொல்லாமல் 6,400க்கே தருகிறது. சித்திரைக்கு முன்னால் விலைச்சீட்டை ஏற்றி ஒட்டிவிட்டுத் தள்ளுபடி போர்டு வைக்கும் ஜவுளிக்கடைகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் முதலாளி அப்படிச் செய்யமாட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும். ஆகவே நான் முதலில் கேட்பது சின்ன விஷயம்: குறிப்பிட்ட தொழிலைச் சொல்லி எந்தக் கம்பெனி தள்ளுபடி விளம்பரம் செய்தாலும், அது ஓடிக்கு மட்டும்தான் என்பதையும் மொத்தத் தொகையில் எத்தனை ரூபாய் குறைகிறது என்பதையும் அதே எழுத்து அளவில் போடச் சொல்லுங்கள்.

கேண்டீன் காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிஎஸ்டி என்ற ராணுவக் கேண்டீன் துறை மூலம் எடுக்கும் காரில் வரிச் சலுகையால் வண்டி விலை குறைகிறது, அது உண்மையான மிச்சம். இன்சூரன்ஸும் பதிவுச் செலவும் தனிக் கணக்கு. சில ஷோரூம்களில் "உங்க பில் விலை கம்மி, அதனால ஐடிவியும் கம்மியா போட்டு பிரீமியத்தைக் குறைச்சிருக்கோம்" என்பார்கள். ஐடிவி என்பது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். வண்டி திருட்டுப் போனாலோ, பழுதுச் செலவு ஐடிவியில் 75 விழுக்காட்டைத் தாண்டி முழு நஷ்டம் என்று ஆனாலோ கைக்கு வருவதும் அந்தக் குறைந்த தொகைதான். வருடத்துக்குச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, போகும்போது சில பத்தாயிரங்களை விடுவதை நான் மிச்சத்தில் சேர்க்கமாட்டேன்.

வெளிநாட்டில் எப்படி என்றும் கேட்டுப் பார்த்தேன். எங்கள் அத்தை மகன் ஒருவர் டெக்சாஸில் இருக்கிறார். அமெரிக்காவில் யுஎஸ்ஏஏ என்ற அமைப்பு ராணுவத்தாருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும். 1922ல் சான் அன்டோனியோ நகரத்தில் 25 ராணுவ அதிகாரிகள் கூடித் தொடங்கியது. ஊர் ஊராக மாற்றலாகிப் போகிறவர்கள் என்று கம்பெனிகள் அவர்களுக்குப் பாலிசி தரத் தயங்கின. சரி, உன் காருக்கு நான், என் காருக்கு நீ என்று அவர்களே ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். 1936ல் தொடங்கிய கெய்கோ என்ற இன்சூரன்ஸ் கம்பெனி அரசு ஊழியர்களையும் படையினரையும் குறிவைத்து வந்தது. இன்றும் படையினருக்கு 15 விழுக்காடு வரை என்று சொல்கிறது. லூசியானா மாநிலத்தில் அங்கே பணியில் இருக்கும் படைவீரருக்கு 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

அப்படியானால் அங்கே எல்லாப் படைவீரரும் மிச்சம் பிடிக்கிறார்களா? அத்தான் சொன்னது: "மிலிட்டரி தள்ளுபடி இருக்குன்னு ஒரே கம்பெனியில உட்கார்ந்துக்கிட்டவன் ஏமாந்தான். நாலு இடத்துல கேட்டவன்தான் பிழைச்சான்." அங்கே வயது, வசிக்கும் இடம், பல மாநிலங்களில் கடன் வாங்கித் திருப்பிய வரலாறு வரை எல்லாம் விலையில் சேருகிறது. இருபது வயதுச் சிப்பாய்க்கு அடிப்படை விலையே உச்சத்தில் இருக்கும்போது 15 விழுக்காடு கழிந்தும் அவன் மற்றவரைவிட அதிகம் கட்டலாம்.

ஆனால் அங்கே எனக்குப் பிடித்த விஷயம் வேறு. படைவீரன் வெளியூர்ப் பணிக்குப் போகும்போது காரை நிறுத்தி வைத்தால் அந்தக் காலத்துக்குப் பிரீமியத்தைப் பெரிதாகக் குறைக்கிறார்கள். அவன் தியாகி, வீரன் என்பதற்காகக் கொடுப்பது இல்லை அது. கார் ஓடவில்லை, ஆகவே மோதாது என்ற சாதாரணக் கணக்குத்தான். எங்களுக்கு வேண்டியதும் அந்த மாதிரிக் கணக்குத்தான். மாலை மரியாதை எல்லாம் ஆகஸ்ட் 15க்கு இருக்கட்டும்.

இனி இந்த மடலின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் நோ கிளைம் போனஸ் மொத்தமும் போய்விடும். இருபதில் தொடங்கி 25, 35, 45, 50 என்று வருடா வருடம் ஏறிய படி அது. விழுந்தால் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு. மேலே போட்ட கணக்கில் அந்த 2,240 ரூபாயும் அதற்கான வரியும் சேர்ந்து 2,643 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். ராணுவத் தள்ளுபடியில் கிடைத்த 245 ரூபாயைப் பத்து வருடம் சேர்த்தாலும் இதை ஈடுகட்டாது. அதோடு நிற்காது. அடுத்த வருடம் 45க்கு ஏறியிருக்க வேண்டியவர் 20ல் நிற்பார். பழைய உயரத்தைப் பிடிக்கும் வரை ஒவ்வொரு வருடமும் நஷ்டம்.

90 நாள் என்பது திருநெல்வேலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தாராளம்தான். பணம் கையில் இல்லை, மறந்துவிட்டது, ஏஜெண்ட் ஊரில் இல்லை என்று எந்தக் காரணமானாலும் மூன்று மாதத்தில் சரிசெய்துவிடலாம். லடாக்கிலோ சிக்கிமின் மேல்மலையிலோ இருக்கும் ஒருவருக்கு? பாலிசி அவர் பெயரில். பதிவு செய்த செல்போன் எண் அவருடையது. 'உங்கள் பாலிசி முடியப்போகிறது' என்ற குறுஞ்செய்தி டவர் இல்லாத மலையைத் தேடிப் போகிறது. போன் அனுமதிக்காத இடங்களும் உண்டு. காலாவதியான பின் புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டியைப் பார்வையிட வேண்டும். நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் லிங்க்கும் அதே எண்ணுக்குத்தான் போகும். வண்டியோ பாளையங்கோட்டையில் கவர் போட்டு நிற்கிறது.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அவர் முன்னணிப் பகுதிக்கு மாறிப்போன வருடம், பாலிசி முடிந்த விவரம் அவர் ஊர்க் கொடைக்கு லீவில் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. 90 நாள் தாண்டியிருந்தது. 45 விழுக்காடு இருந்த போனஸ் போச்சு. கம்பெனி அலுவலகத்தில் போய் மூவ்மெண்ட் ஆர்டரை, அதாவது அவரை அங்கே அனுப்பிய ராணுவ உத்தரவைக் காட்டினோம். அங்கிருந்த பையன் நல்ல பையன்தான். எழுந்து நின்று பேசினான், டீ வாங்கிக் கொடுத்தான், "சாருக்கு சல்யூட்" என்றான். "ஆனா சிஸ்டம் எடுக்காது சார்" என்றும் சொன்னான். சிஸ்டத்துக்கு எல்லையும் தெரியாது, ஏரியாவும் தெரியாது. தேதி மட்டும்தான் தெரியும். அதை அந்தப் பையன் மாற்ற முடியாது. நீங்கள் மாற்றலாம்.

மாற்றினால் உலகம் தலைகீழாகிவிடுமா? 2002ல் வந்த இந்திய மோட்டார் கட்டணப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டில் கார் வைத்திருந்து அங்கே கிளைம் இல்லாமல் ஓட்டியவர், ஆதாரம் காட்டினால், அந்தப் பாலிசி முடிந்து மூன்று வருடத்துக்குள் இங்கே எடுக்கும் பாலிசியில் அந்தப் போனஸைப் பெறலாம் என்று இருக்கிறது. காரை விற்றவரும் போனஸைத் தக்கவைத்ததற்கான கடிதம் வாங்கி மூன்று வருடம் வரை வைத்திருந்து அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். துபாயில் இருந்து திரும்பியவருக்கு மூன்று வருடம். காரையே விற்றுவிட்டவருக்கு மூன்று வருடம். காரை விற்காமல் வீட்டில் நிறுத்திவிட்டு எல்லைக்குப் போனவருக்கு மட்டும் மூன்று மாதம்! இதை எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்திருக்கமாட்டார்கள். அப்படி ஒரு ஆள் இருப்பார் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தேதியைத் தள்ளிவைத்த முன்மாதிரியும் இருக்கிறது. 2020 ஊரடங்கில், மார்ச் 25க்கும் மே 3க்கும் இடையே புதுப்பிக்க வேண்டிய தேர்ட் பார்ட்டி பாலிசிகளுக்கு மே 15 வரை பணம் கட்டலாம், இடைவெளி இல்லாமல் தொடர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று அரசு அறிவித்தது. மனிதர் நகர முடியாத நிலைமை என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆட்களுக்கு அந்த நிலைமை எந்தக் கிருமியும் இல்லாமலே வருடா வருடம் வருகிறது.

நான் கேட்பது இது. முன்னணிப் பகுதியில் பணியில் இருந்ததாக யூனிட் கொடுக்கும் சான்றைக் காட்டினால், அவர் திரும்பி வந்த நாளில் இருந்து 90 நாள் எண்ணுங்கள். எங்கே இருந்தார் என்ற இடப்பெயர் சான்றில் வேண்டியதில்லை, தேதிகள் போதும். வண்டிக்குப் பழைய சேதம் இருக்கிறதா என்று தாராளமாகப் பார்வையிடட்டும். இடைப்பட்ட காலத்தில் காப்பு இல்லை, நடந்த சேதத்துக்குப் பணம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். கிளைம் கேட்காமல் சேர்த்த போனஸை மட்டும் பிடுங்க வேண்டாம். அதோடு, பாலிசியில் இரண்டாவது செல்போன் எண் ஒன்றைப் பதிவதைக் கட்டாயமாக்குங்கள். மனைவியோ, அப்பாவோ, அண்ணனோ, யாரோ ஊரில் இருக்கும் ஒருவர். இதற்குச் செலவே கிடையாது.

ஊரில் நிற்கும் அந்த வண்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராணுவத்தில் வருடாந்திர லீவு 60 நாள். சில்லறை லீவுகளையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். அந்த நாட்களில் பாபநாசம், குற்றாலம், திருச்செந்தூர் என்று ஓடும். மற்ற மாதங்களில் மாமா வாரம் ஒருமுறை பேட்டரி இறங்காமல் இருக்க ஸ்டார்ட் செய்து அணைப்பார். வருடம் முழுக்க ஓடும் காருக்கும் இதற்கும் ஒரே ஓடி பிரீமியம் ஏன்?

இதற்கும் பழைய புத்தகத்தில் வழி இருந்தது. ஐஎம்டி 11 என்ற பின்னிணைப்பு, நிறுத்தி வைத்த வண்டிகளுக்கானது. தொடர்ந்து இரண்டு மாதமாவது வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதாக முன்கூட்டி எழுதிக்கொடுத்தால், அந்தக் காலத்தில் தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கு மட்டும் காப்பு இருக்கும்; மீதிக்குப் பிரீமியத்தில் கழிவோ காலநீட்டிப்போ கிடைக்கும். வண்ணார்பேட்டையில் நான் கேட்ட ஏஜெண்ட் அண்ணாச்சிகளில் ஒருவருக்குக்கூட இது தெரியவில்லை. ஒருவர் மட்டும், "அப்படி ஒண்ணு இருந்ததா கேள்விப்பட்டிருக்கேன் தாயி, யாருக்கும் போட்டுக் கொடுத்ததில்ல" என்றார்.

2022 ஜூலையில் நீங்களே ஓட்டும் அளவுக்கு ஏற்பக் கட்டும் முறையை அனுமதித்தீர்கள். கிலோமீட்டர் கணக்கில் பிரீமியம். நல்ல காரியம், எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே மிச்சமாகும் வழி அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் போனில் கூப்பிடும் பிள்ளைகள் 'டிஃபென்ஸ் ஸ்பெஷல்' பற்றி மூச்சுவிடாமல் பேசுவார்களே தவிர இதை வாய் திறக்கமாட்டார்கள். பிரீமியம் குறையும் திட்டத்தை அவர்களாக ஏன் சொல்லப்போகிறார்கள்? புதுப்பிக்கும் நோட்டீஸில் சென்ற வருடம் வண்டி ஓடிய தூரத்தைக் கேட்டு, குறைவாக இருந்தால் இந்தத் திட்டத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். போகிற போக்கில் ஒன்று சொல்கிறேன்: மோட்டார் வாகனச் சட்டம் 146ஆம் பிரிவின்படி வியாபாரத்துக்கு ஓடாத அரசு வண்டிகளுக்கு இன்சூரன்ஸே தேவையில்லை. ராணுவ லாரியை மலைப்பாதையில் ஓட்டுகிறவர், அதற்குப் பாலிசி இல்லாமல் ஓட்டுகிறார். லீவில் வந்து சொந்தக் காரைக் காலாவதியான பாலிசியோடு தச்சநல்லூர் வரை எடுத்துப்போனால் அபராதம் 2,000 ரூபாய். சட்டம் சரிதான். சிரிப்பு வருவதை மட்டும் தடுக்க முடியவில்லை.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பக்கத்தில் கார் இன்சூரன்ஸ் பற்றிப் பேசவே முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள் வந்தது. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கம் தெருக்களில் நின்ற கார்கள் மூழ்கின. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அங்கே இருக்கிறது. மகன் ராணுவத்தில், ராஜஸ்தானில். வண்டிக்கு முழு பாலிசி உண்டு, ராணுவத்தாருக்கான தள்ளுபடியும் வாங்கியிருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் அப்பா சாவியைப் போட்டுத் திருகிவிட்டார். யார்தான் திருகமாட்டார்கள்? உள்ளே புகுந்திருந்த தண்ணீரால் எஞ்சின் இறுகிப் பழுதாகிவிட்டது.

வெள்ளச் சேதத்துக்கு முழு பாலிசியில் இடம் உண்டு. இருக்கை, ஒயரிங், தரைவிரிப்பு எல்லாவற்றுக்கும் தேய்மானம் போகக் கொடுத்தார்கள். எஞ்சினுக்குக் கொடுக்கவில்லை. தண்ணீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்ததால் வந்த பழுது வெள்ளத்தின் நேரடிச் சேதம் ஆகாது, அதற்கு எஞ்சின் புரொடெக்ட் என்ற தனி இணைப்பு எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். விற்கும்போது தள்ளுபடியைப் பற்றிப் பேசியவர்கள் ஆற்றங்கரைத் தெருவில் நிற்கப்போகும் வண்டிக்கு இந்த இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தள்ளுபடியில் மிச்சமான சில நூறு ரூபாய், அந்த இணைப்புக்குப் போயிருக்க வேண்டிய பணம். மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் போட்டபின் சொன்ன தொகையைக் கேட்டு அந்த அப்பா பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடலாமா என்று யோசித்தார்.

இதில் கம்பெனி விதியை மீறியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெள்ளம் முடிந்த மறுநாளே, பதிவான எல்லா எண்களுக்கும், 'தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்துச் செல்ல இந்த எண்ணை அழையுங்கள்' என்று தமிழில் ஒரு வரி அனுப்பியிருந்தால் எத்தனை எஞ்சின் பிழைத்திருக்கும்! கம்பெனிக்கும் லாபம்தான். சென்னையில் 2015 வெள்ளத்தில் அடிபட்ட பிறகாவது இது வழக்கமாகியிருக்க வேண்டும். பாலிசி விற்க மட்டும் நாளுக்கு நாலு குறுஞ்செய்தி வருகிறதே.

அடுத்து, சொந்த விபத்துக் காப்பு. வண்டி உரிமையாளரே ஓட்டும்போது இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 15 லட்சம் ரூபாய் தரும் கட்டாயக் காப்பு 2018ல் வந்தது. 2019 ஜனவரியில் இருந்து, ஏற்கெனவே 15 லட்சத்துக்குக் குறையாத பொது விபத்துக் காப்பு வைத்திருப்பவர் இதைத் தனியாக எடுக்க வேண்டாம் என்று நீங்களே சொன்னீர்கள். படையினரின் சம்பளக் கணக்குகளோடு பல வங்கிகள் விபத்துக் காப்பு தருகின்றன. அது இந்த விதிக்குப் போதுமா, போதாதா? ஒரு கம்பெனி ஆள் "ஏற்கெனவே காப்பு இருக்குன்னு டிக் பண்ணிடுங்க மேடம், மிச்சம்" என்கிறார். இன்னொருவர் "அது செல்லாது, கட்டியே ஆகணும்" என்கிறார். இரண்டு பேரும் எழுத்தில் தரமாட்டார்கள். தவறாக டிக் செய்து சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, நாளைக்கு ஒன்று ஆனால் குடும்பம் 15 லட்சத்தை இழக்கும். அதனால் நான் பணம் கட்டிவிடுகிறேன். ஆனால் எல்லோரும் இருமுறை கட்ட வேண்டியதில்லை. எந்தக் காப்பில் சாவு, முழு ஊனம், பகுதி ஊனம் மூன்றும் இருந்தால் போதும் என்று தமிழிலும் மற்ற மொழிகளிலும் தெளிவாக ஒரு பக்க விளக்கம் வெளியிடுங்கள். படைவீரர்களின் ஆவணங்களைப் பார்க்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக யூனிட்டுகளுக்கு அனுப்பினால் இன்னும் நல்லது.

கடைசியாக, யார் படைவீரர் என்பது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ராணுவத்துக்குப் போனவர்கள் அளவுக்கு சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளுக்குப் போனவர்களும் உண்டு. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் உயிரிழந்தவர்களில் ஒருவர் கயத்தாறு பக்கத்துச் சவலாப்பேரிக்காரர், அவர் சிஆர்பிஎஃப். 'டிஃபென்ஸ்' என்று பட்டியல் போடும்போது சில கம்பெனிகள் இவர்களைச் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. என் தோழியின் வீட்டுக்காரர் பிஎஸ்எஃப்பில் இருக்கிறார். ஒரு வருடம் தள்ளுபடி கொடுத்த கம்பெனியே மறு வருடம் "நீங்க ஹோம் மினிஸ்ட்ரி, டிஃபென்ஸ் இல்ல" என்று எடுத்துவிட்டது. தள்ளுபடி அவர்கள் இஷ்டம், போகட்டும். நான் மேலே கேட்ட 90 நாள் விலக்கை நீங்கள் கொண்டுவந்தால், அதில் மத்திய ஆயுதக் காவல் படையினரையும் பெயர் சொல்லிச் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் நிற்கும் எல்லையிலும் டவர் கிடையாது.

இந்த மடலின் பிரதியை புகார்களுக்கான உங்கள் பீமா பரோசா இணையதளத்திலும் பதிவிடுகிறேன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒன்று கொடுக்கிறேன். அங்கே வரும் மற்ற வீட்டுப் பெண்களிடமும் அவரவர் பாலிசி முடியும் தேதியைப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பதிலைத் தமிழில் அனுப்பினால் அதையும் அந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மனைவி,
பாளையங்கோட்டை.